மாறிக்குப் பெயர் வைப்பது: முன்னொட்டுகளும் ஓர் ஏரிக் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செய்தித்தாள்களின் சென்னைப் பதிப்பில் ஏரி நிலவரம் தவறாமல் வரும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று தொடங்கி, இன்றைய நீர்மட்டம் அடியிலும், இருப்பு மில்லியன் கன அடியிலும், வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் போகும். அதே பக்கத்தில் குடிநீர் வாரியம் நகருக்கு வழங்கும் நீர் மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்று வேறோர் அலகில் இருக்கும். நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு இந்தப் பத்தியைத்தான் நான் பயிற்சியாகக் கொடுப்பேன். பெயர் வைப்பதில் உள்ள எல்லாச் சிக்கலும் அதற்குள் இருக்கிறது.

மாறி என்பது கணினியின் நினைவகத்தில் ஒரு மதிப்பைப் போட்டுவைத்து, பிறகு கேட்டு வாங்குவதற்காக நாம் சூட்டும் பெயர். புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார் (எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்):

அ = 22
ஆ = 3100
இ = 1200
ஈ = ஆ + இ

கணினி முணுமுணுக்காமல் 4300 என்று விடை சொல்லும். 4300 என்ன? 3100 என்பது ஏரியில் கிடக்கும் நீர், மில்லியன் கன அடியில். 1200 என்பது ஒவ்வொரு வினாடியும் உள்ளே வரும் நீர், கன அடியில். இரண்டையும் கூட்டி வந்த 4300 உலகத்தில் எதையும் குறிக்கவில்லை. அது ஏரியின் கொள்ளளவையே தாண்டிவிட்டதால் கவனமாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரலாம். எண்கள் சற்றுச் சிறியவையாக இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

நீர்மட்டம்_அடி = 22
இருப்பு_மில்லியன்_கனஅடி = 3100
வரத்து_வினாடிக்கு_கனஅடி = 1200

இப்போது இருப்பையும் வரத்தையும் நேராகக் கூட்டக் கை வராது. பெயரே தடுக்கிறது. ஒரு நாளில் 86,400 வினாடிகள். மில்லியனாக மாற்ற பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும்:

ஒருநாள்_வரத்து_மில்லியன்_கனஅடி = வரத்து_வினாடிக்கு_கனஅடி * 86400 / 1000000
நாளைய_இருப்பு_மில்லியன்_கனஅடி = இருப்பு_மில்லியன்_கனஅடி + ஒருநாள்_வரத்து_மில்லியன்_கனஅடி

வினாடிக்கு 1,200 கன அடி வீதம் முழு நாளும் வந்தால் சேர்வது 103.68 மில்லியன் கன அடிதான். வெளியே எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொண்டால் நாளைய இருப்பு 3,203.68. குடிநீர் வாரியத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டுமென்றால், ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்பதால் இன்னொரு பெருக்கலும், பெயரின் கடைசியில் மில்லியன்_லிட்டர் என்ற ஒட்டும் தேவைப்படும்.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுருக்கலாம்தான். ஆனால் மில்லியன் கன அடியை மிகஅடி என்று சுருக்கினால், யாரோ யாரிடமோ செமத்தியாக வாங்கியதுபோல் இருக்கும். அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த சுருக்கம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நீங்களே புதிதாக உண்டாக்குவதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மொழி போடும் சட்டமும் மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கமும்

பெயரில் இடைவெளி வரக்கூடாது, எண்ணில் தொடங்கக்கூடாது, மொழிக்கே உரிய சிறப்புச் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது. இவை சட்டங்கள். மீறினால் நிரல் ஓடாது. இதற்குமேல் இவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தவறினால் கணினியே சொல்லிவிடும்.

வழக்கம் வேறு. அதை மீறினாலும் நிரல் ஓடும், படிப்பவர்தான் திணறுவார். இடைவெளி விட முடியாததால் இரண்டு சொற்களை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் முதல் வழக்கம். பைதான் மொழியில் மாறிகளுக்கும், ஒரு வேலையைச் செய்யும் வரிகளைத் தொகுத்த ஃபங்ஷன்களுக்கும் சிறிய எழுத்துகளை அடிக்கோட்டால் இணைப்பார்கள். இதற்குப் பாம்பு நடை என்று பெயர். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் சொற்களை ஒட்டி எழுதி, இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்குவார்கள். நடுவில் திமில்போல் எழும்புவதால் அது ஒட்டக நடை. தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் கிளாஸ்களின் பெயர்கள் இந்த மூன்று மொழிகளிலும் முதல் எழுத்தே பெரியதாகத் தொடங்கும். மாறாத மதிப்புகளை, அதாவது மாறிலிகளை, முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். பைதானுக்கான இந்த நடைமுறைகள் 2001ஆம் ஆண்டு முதல் பெப் 8 என்ற ஆவணத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது நல்லது. நீளமானதும் அல்ல.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. ஆகவே தமிழ் எழுத்துகளில் பெயர் வைத்தால் ஒட்டக நடை சாத்தியமில்லை. அடிக்கோடு ஒன்றே கதி. தமிழில் பெயர் வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2008இல் வந்த பைதான் 3 முதல் முடியும். மேலே உள்ள வரிகள் அப்படியே ஓடும். சிறப்புச் சொற்களே தமிழில் இருக்கும் எழில் என்ற நிரல்மொழியும் உண்டு. ஆனால் கூகுள் உருவாக்கிய கோ மொழியில் உயிர்மெய்க் குறிகளையும் மெய்யின் புள்ளியையும் பெயரில் ஏற்பதில்லை. நீர் என்று ஒரு மாறி வைக்கவே முடியாது. போதாக்குறைக்கு, அந்த மொழியில் ஒரு பெயர் தன் தொகுப்புக்கு வெளியே தெரிய வேண்டுமானால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழுக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது நமக்கே உரிய பொறிகளும் உண்டு. ஔ என்ற ஒரே எழுத்தும், ஒ என்பதற்கு அடுத்து ள போட்டு எழுதுவதும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற பழைய வழக்கு இங்கேயும் வந்துவிடும்: வரத்து_கணக்கு வேறு மாறி, வரத்துக்_கணக்கு வேறு மாறி. எதை எழுதுவது என்று முதலிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். இலக்கணப்படி எது சரி என்பதைவிட நிரல் முழுவதும் ஒன்றாக இருக்கிறதா என்பதே இங்கு முக்கியம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணி தொடங்கி சிறுசேரி வரை நீங்கள் எந்த அலுவலகத்தில் சேர்ந்தாலும் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நான் தமிழில் எடுத்துக்காட்டுகள் தருவது கற்கும்போது கவனம் பொருளில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முதல் எழுத்துக்கு வந்த அதிகாரம்

பெயரின் முன்னால் ஓர் எழுத்தை வைத்துப் பொருள் சொல்லும் பழக்கம் மிகப் பழையது. 1957இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் மாறியின் பெயர் ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் அது முழு எண். வேறு எந்த எழுத்தில் தொடங்கினாலும் அது தசமப் புள்ளி கொண்ட மெய்யெண். அங்கே இது மொழியின் சட்டமாகவே இருந்தது. கடவுள் என்பதற்கான ஆங்கிலச் சொல் ஜி எழுத்தில் தொடங்குவதால், முழு எண் என்று தனியாக அறிவிக்காதவரை கடவுள் மெய்தான் என்று ஃபோர்ட்ரான்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க, ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பில் எண்ணுவதற்கு ஐ, ஜே, கே என்று எழுதுகிறார்களே, கணிதத்தில் ஏற்கெனவே இருந்த அந்த வழக்கத்தை நிரலுக்குள் வேரூன்றச் செய்ததில் ஃபோர்ட்ரானுக்குப் பெரிய பங்குண்டு.

வசதி ஒரு பக்கம் இருந்தாலும் ஆபத்தும் கூடவே இருந்தது. அறிவிக்காமலே மாறியைப் பயன்படுத்தலாம் என்பதால், எழுத்துப்பிழையோடு ஒரு பெயரை அடித்தால், நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் புதிய மாறியாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஃபோர்ட்ரான் 90 என்ற பதிப்பில்தான் இந்த ஊகத்தை அணைத்துவைக்கும் கட்டளை தரத்தின் பகுதியாயிற்று. பைதானில் இந்த ஆபத்து வேறு உருவத்தில் இன்னும் இருக்கிறது: இருப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் இறுப்பு என்று அடித்து ஒரு மதிப்பைப் போட்டால், பைதான் புதிய மாறியைத் தொடங்கிவிடும். பழைய இருப்பு பழைய எண்ணோடு அப்படியே கிடக்கும். ர, ற தடுமாற்றம் உள்ளவர்கள் கவனிக்க.

ஹங்கேரிய முறை

முன்னொட்டு என்ற பேச்சு வந்தாலே ஹங்கேரிய முறை என்ற பெயர் வராமல் போகாது. 1948இல் புடாபெஸ்டில் பிறந்த சார்ல்ஸ் சிமோனி என்ற நிரலாளரின் முறை அது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு 1981இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றின் உருவாக்கத்தை வழிநடத்தியவர் அவர்தான். பின்னாளில் சொந்தச் செலவில் 2007, 2009 என்று இரண்டு முறை விண்வெளிக்கும் போய்வந்தார்.

ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வரும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ஊரில் தந்தை பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நின்று, ஒரே வகுப்பில் இருக்கும் நான்கு கார்த்திக்குகளில் இவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறது. சிமோனியின் முன்னொட்டும் அதைத்தான் செய்கிறது: இந்த மாறி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முன்னாலேயே சொல்கிறது. வெளியாள் படித்தால் புரியாத அயல்மொழி மாதிரி இருந்ததும் அந்தப் பெயர் நிலைக்க ஒரு காரணம்.

அவர் சொன்ன குடும்பம் எது என்பதில்தான் குழப்பம் வந்தது. எக்ஸெல் போன்ற ஒரு நிரலில் வரிசையின் எண்ணும் முழு எண்தான், மேலிருந்து கீழே போகும் நெடுக்கையின் எண்ணும் முழு எண்தான். கணினிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே வரிசைக்கு ஒரு முன்னொட்டு, நெடுக்கைக்கு ஒரு முன்னொட்டு. ஒன்றின் மதிப்பை மற்றொன்றில் போட்டால் படிக்கும்போதே கண்ணில் உறுத்தும். பைட்டுகளின் எண்ணிக்கை என்பதற்கு சிபி என்று ஒரு முன்னொட்டு வைத்தார்கள். விண்டோஸ் நிரல்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். நம் ஏரிக் கணக்கில் அடியும் மில்லியன் கன அடியும் கணினியைப் பொறுத்தவரை வெறும் எண்கள்தானே; அவற்றைப் பிரித்துக் காட்டிய ஒட்டுகளும் இதே வேலையைத்தான் செய்தன.

இந்த முறை விண்டோஸ் இயங்குதளப் பக்கம் போனபோது பொருள் மாறிவிட்டது. முழு எண்ணா, எழுத்துச் சரமா, நினைவக முகவரியா என்ற தரவு வகையை, கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, முன்னொட்டாக எழுதத் தொடங்கினார்கள். நம் நிரலில் அதைச் செய்தால் இப்படி இருக்கும்:

மெய்_நீர்மட்டம் = 22.0
மெய்_இருப்பு = 3100.0

இரண்டும் மெய்யெண் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. கூட்டலாமா கூடாதா என்பதற்கு விடை இல்லை. கணினிக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லி, அதற்குத் தெரியாததை விட்டுவிட்டோம். இதைவிட வீணான முன்னொட்டு இருக்க முடியாது என்பது என் கருத்து.

இன்னொரு தொல்லை, தரவு வகை மாறினால் பெயர் பொய்யாகிவிடுவது. விண்டோஸ் நிரலாக்கத்தில் டபிள்யூபாரம் என்று ஒரு பெயர் உண்டு. 16 பிட் காலத்தில் அது உண்மையிலேயே வேர்ட் எனப்படும் 16 பிட் அளவுள்ள மதிப்பாக இருந்ததால் டபிள்யூ. 32 பிட் விண்டோஸ் வந்தபோது அதன் அளவு பெரிதாகியது. பிறகு 64 பிட்டிலும் இன்னும் பெரிதாகியது. கோடிக்கணக்கான வரிகளில் அந்தப் பெயர் புழங்கிவிட்டதால் முன்னொட்டை மாற்ற முடியவில்லை. அதேபோல், தொலைவு முகவரி என்பதைக் குறிக்கும் எல்பி என்ற முன்னொட்டு, அருகு முகவரி, தொலைவு முகவரி என்ற வேறுபாடே ஒழிந்துபோன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பும் கடுமையாக வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்கான நடைக் கையேட்டில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தப் பழக்கத்தை மரியாதையில்லாத சொற்களால் திட்டியிருக்கிறார்: வகை கம்பைலருக்குத் தெரியும், அதுவே சரிபார்க்கும், பெயரில் எழுதுவது நிரலாளரைக் குழப்பத்தான் உதவும் என்பது அவர் வாதம். டாட்நெட் என்ற நிரலாக்கத் தளத்துக்கான மைக்ரோசாஃப்டின் சொந்த வழிகாட்டுதல்களே ஹங்கேரிய முறையை இப்போது வேண்டாம் என்கின்றன. சிமோனியின் மூல யோசனைக்கு இந்த அடி நியாயமாகச் சேராது என்று நினைக்கிறேன். அடி வாங்கியிருக்க வேண்டியது அதன் நகல்.

இன்றும் பார்க்கக்கூடிய முன்னொட்டுகள்

சி++ நிரல்களில் எம் எழுத்தும் அடிக்கோடும் முன்னால் வந்தால், அது கிளாஸின் உறுப்பான மாறி. ஜி என்றால் நிரல் முழுவதும் தெரியும் பொது மாறி. இவை சொல்வது தரவு வகையை அல்ல, மாறி எங்கே வாழ்கிறது என்பதை. ஒரு வரியை மட்டும் படிப்பவருக்கு அது உதவும். இன்றைய எடிட்டர்கள் உறுப்பு மாறியை வேறு நிறத்தில் காட்டுவதால் தேவை குறைந்திருக்கிறது. ஆனால் பொது மாறிக்கு முன்னொட்டு வைப்பதை நான் இப்போதும் ஆதரிப்பேன். யார் வேண்டுமானாலும் மாற்றிவிடக்கூடிய ஒன்றைத் தொடுகிறோம் என்பது தொடும் இடத்திலேயே தெரிய வேண்டும்.

பைதானில் பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடு இருந்தால், இது உள்வேலைக்கானது, வெளியிலிருந்து தொடாதே என்று பொருள். யாரும் தடுக்க மாட்டார்கள், ஒரு வேண்டுகோள்தான். கிளாஸுக்குள் இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும் பெயரைப் பைதானே கிளாஸின் பெயரைச் சேர்த்து மாற்றிவிடும். முதலாண்டு மாணவர்கள் பலர் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு அடிக்கோடு போட்டுவிட்டு, பிறகு மாறியைக் காணோம் என்று தேடுவார்கள். ஒன்று போதும். மொழியின் சிறப்புச் சொல்லோடு பெயர் மோதினால் அடிக்கோட்டைக் கடைசியில் போடுவது வழக்கம். சி# மொழியில், ஒரு கிளாஸ் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் இன்டர்ஃபேஸ்களின் பெயர் ஐ எழுத்தில் தொடங்கும். பிஎச்பியில் ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் டாலர் குறி கட்டாயம்.

ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு கொண்ட மாறிகளுக்கு ஆங்கிலத்தில் இஸ், ஹேஸ் போன்ற முன்னொட்டுகளை வைப்பார்கள். தமிழில் ஆகார வினாவைக் கடைசியில் சேர்த்தால் முடிந்தது: மதகு_திறந்திருக்கிறதா, ஏரி_நிரம்பியதா. மதகு_நிலை என்று வைத்தால் அதன் மதிப்பு ஆம் என்று வரும்போது ஒன்றும் விளங்காது. எதிர்மறையில் வைப்பதையும் தவிருங்கள். மதகு_மூடப்படவில்லையா என்ற மாறியின் மதிப்பு இல்லை என்றால் மதகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மழை நாளில் இதை நின்று யோசிக்க முடியாது.

எவ்வளவு நீளம்

பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறதோ அவ்வளவு நீளம் இருக்கலாம். மூன்று வரி லூப்புக்குள் பிறந்து அங்கேயே முடிந்துவிடும் எண்ணிக்கு ஐ போதும். லினக்ஸ் கையேடும் இதையேதான் சொல்கிறது. பத்துக் கோப்புகளில் பயன்படும் மதிப்பு என்றால் பூண்டி_இருப்பு_மில்லியன்_கனஅடி என்று முழுதாக எழுதுங்கள். அடிப்பதற்குச் சிரமம் என்பது இன்று பொருந்தாத சாக்கு; இரண்டு எழுத்து அடித்தால் மீதியை எடிட்டர் நிரப்பிவிடும்.

தகவல், விவரம், மதிப்பு, தற்காலிகம் போன்ற பெயர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எந்த மாறியில்தான் மதிப்பு இல்லை? அதைவிட மோசம், தகவல், தகவல்2, புதிய_தகவல், கடைசி_புதிய_தகவல் என்று வளரும் வரிசை. அப்படிப் பெயர் வருகிறதென்றால் பெரும்பாலும் அந்த ஃபங்ஷன் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது என்று பொருள். அதை இரண்டாகப் பிரித்தால் நல்ல பெயர் தானாகக் கிடைக்கும்.

நீங்கள் சேரும் குழுவில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே பின்பற்றுங்கள். ஒரே கோப்பில் பாம்பும் ஒட்டகமும் கலந்து கிடப்பது இரண்டில் எதையும்விட மோசம். சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டிய இடம் புதிய நிரலைத் தொடங்கும் நாள்.

பெயரை மாற்றுவது இன்று எளிது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் மாறியின் மேல் கர்சரை வைத்து எஃப்2 விசையை அழுத்தினால், அது வரும் எல்லா இடங்களிலும் மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் நிரலை விட்டு வெளியே போன பெயர்களை அந்த விசை எட்டாது: தரவுத்தள அட்டவணையின் நெடுக்கைப் பெயர்கள், சேமித்த கோப்பின் தலைப்பு வரி, வேறொருவரின் நிரல் உங்களிடம் கேட்டு வாங்கும் பெயர்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் கட்டளைக்கு க்ரியேட் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ஈயை விட்டுவிட்டுப் பெயர் வைத்தார்கள். மறுபடி யூனிக்ஸை எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் அந்த ஈயைச் சேர்ப்பேன் என்றார். உலகம் முழுக்க நிரல்கள் அந்தப் பெயரை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் சேர்ப்பது?

ஆகவே ஏரி நிரலை எழுத உட்காரும்போது, உள்ளே இருக்கும் மாறிகளுக்கு இப்போது தோன்றும் பெயரை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். தினசரி நிலவரத்தைச் சேமித்து மற்றவர்களுக்கு அனுப்பும் கோப்பு இருக்கிறதே, அதன் தலைப்பு வரியில் மட்டும் வெறும் இருப்பு, வரத்து, வழங்கல் என்று விட்டுவிடாமல், ஒவ்வொன்றின் அலகையும் சேர்த்து எழுதிய பிறகு அனுப்புங்கள்.